எதை எடுத்தாலும்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஐசக்கின் தள்ளுவண்டி முன்னால் வந்து நிற்பவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். வண்டியின் நெற்றியில் ‘எதை எடுத்தாலும் 30 ரூபாய்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை தொங்கும். பலகைக்குக் கீழே கட்டியிருக்கும் ஸ்பீக்கர் அதையே ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். ஆனாலும் ஒரு டீ வடிகட்டியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வலையை விரலால் தட்டிவிட்டு, “இது எவ்ளோ?” என்பார்கள்.

“முப்பது ரூபாம்மா” என்பார் ஐசக். அந்தக் கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டதுபோலச் சொல்வார்.

“அப்போ இந்தத் துருவி?”

“அதுவும் முப்பதுதாம்மா. பிடி நல்லா கெட்டியா இருக்கு, இழுத்துப் பாருங்க.”

வண்டியோரம் நின்று டீ குடிக்கும் தயாளனுக்குத்தான் பொறுக்காது. தயாளன் மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் வாளி, முறம், துடைப்பம் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக விற்பவன். காலையில் ஐசக்கிடம் வந்து கொஞ்சம் சில்லறைச் சாமானும் எடுத்துக்கொண்டு போவான்.

“இன்னாண்ணா நீ? போர்டுல கீது, ஸ்பீக்கர்ல கீது. அப்பால இன்னாத்துக்கு வாய் வலிக்கச் சொல்லிக்கினு கீற? கண்ணு கீதா, காது கீதான்னு கேளேன்.”

“வெல தெரியாமயா கேக்கறாங்க? பேச்சை எங்கயாவது ஆரம்பிக்கணும் இல்ல, அதான் கேக்கறாங்க.”

ஐசக்கின் மகள் ஜோசலினுக்கு இந்த உரையாடல் மனப்பாடம். பள்ளி விட்டு வந்து வண்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வண்டியில் என்னதான் இல்லை? தோசைத் திருப்பி, இடுக்கி, காய் சீவி, பால் பாட்டில் கழுவும் பிரஷ், சோப்பு டப்பா, பேன் சீப்பு, துணிக் கிளிப்பு, பாச்சா உருண்டை, ஊசிநூல் டப்பா, குழாய் முனையில் மாட்டும் ரப்பர், எலிப்பொறி. எலிப்பொறிக்கும் பேன் சீப்புக்கும் எப்படி ஒரே விலை என்று எட்டு வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். “ரெண்டுமே தொல்லையப் புடிக்கிறதுதானே” என்றார் அவர்.

ஐசக் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வாலிபத்தில் வந்தவர். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பாத்திரக்கடையில் வேலைக்கு நின்றார். கல்யாணமான பிறகு சொந்தமாக வண்டி போட்டார். எட்டாவது வரை படிப்பு. மனைவி ரத்தினபாய் பீர்க்கன்கரணை வாடகை வீட்டில் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பாள். ஜோசலின்தான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. பி.எஸ்ஸி. இயற்பியல், அப்புறம் பி.எட்.

ஸ்பீக்கரில் கூவுவது ஜோசலினின் குரல்.

அது பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில் நடந்தது. நாள் முழுக்கக் கூவி ஐசக்கின் தொண்டை கட்டிப் போயிருந்தது. தயாளன் எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து கொடுத்து, “பாப்பா பேசிக் குடுத்தா போதும்ணா, அது பாட்டுக்குக் கத்திக்கினு கெடக்கும்” என்றான். வீட்டில் கதவு இருந்த ஒரே அறை சமையலறை. ஜோசலின் கைப்பேசியை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் பேசினாள்.

“வாங்கம்மா, வாங்க! எதை எடுத்தாலும் முப்பது ரூபாய்! வடிகட்டி முப்பது ரூபாய், துருவி முப்பது ரூபாய், தோசைத் திருப்பி முப்பது ரூபாய்! எதை எடுத்தாலும்...”

அந்த இடத்தில் அடுப்பில் இருந்த குக்கர் நீளமாக விசில் அடித்தது. வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ரத்தினபாய் தெருவுக்கே கேட்கும்படி, “ஜோஸி! குக்கரை எறக்குடி!” என்று கத்தினாள். “ஐயோ!” என்று ஜோசலின் சொன்னதோடு பதிவு நின்றது.

மறுபடி பேசித் தருவதாகத்தான் சொன்னாள். ஆனால் சரியாக வருகிறதா என்று பார்க்க அன்று மாலை ஐசக் அதையே போட்டுப் பார்த்தார். விசில் கேட்டதும் நடந்துபோனவர்கள் திடுக்கிட்டு நின்றார்கள். எந்தக் கடையில் குக்கர் என்று தேடினார்கள். அடுத்து ரத்தினபாயின் குரல் வந்ததும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வண்டியைப் பார்த்தார்கள்.

“இருக்கட்டும் பாப்பா. காலு நின்னாதான் கை நீளும்” என்றார் ஐசக்.

அது அப்படியே நிலைத்துவிட்டது. தன் வண்டியிலும் போடத் தயாளன் ஒரு பிரதி கேட்டான். “எங்கிட்ட இருந்தா என்ன, உங்கிட்ட இருந்தா என்ன” என்று ஐசக் கைப்பேசியிலிருந்தே அனுப்பிவிட்டார். சந்தையில் கொத்தமல்லிக்கட்டு விற்பவர்கள்கூட ரத்தினபாயைக் கண்டால், “குக்கரக்கா, இன்னிக்கு எத்தினி விசிலு?” என்றார்கள். அவள் ஐசக்கைத்தான் முறைப்பாள்.

பள்ளிக்கூடப் பெண்ணாக இருந்தவரை ஜோசலினுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பட்டம் வாங்கிய பிறகு வேடிக்கை குறைந்தது. வங்கித் தேர்வில் முதல் சுற்றோடு நின்றாள். அரசுத் தேர்வில் கொஞ்சத்தில் தவறியது. ஒரு கால் சென்டரில் குரல் பரிசோதனை வைத்துவிட்டு, “உங்க வாய்ஸ் கொஞ்சம் லோக்கலா இருக்கு” என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், “பிள்ளைக்கு இன்னும் ஒண்ணும் அமையலையா? பாவம், எதை எடுத்தாலும் பாதியில நிக்குதே” என்று யாராவது ரத்தினபாயிடம் அக்கறையாகக் கேட்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குச் சுருக்கென்றது. எதை எடுத்தாலும். பலகையில் எழுதித் தொங்கவிட்டது தன்னைப் பற்றித்தானோ என்று நினைப்பாள். படிப்பு தன்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது? வண்டிக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. நடுவில் எங்கேயோ நிற்கிறோம் என்று தோன்றும்.

ஆடி பிறந்த வாரத்தில் செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கணவருக்கு இடமாற்றம் வந்ததால் அறிவியல் ஆசிரியை பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே போய்விட்டாராம். வந்து ஒரு வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். ஏழாம் வகுப்பு, ஒலி பற்றிய பாடம். பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வார்கள்.

“ஆடியில போயி ஆரம்பிக்கணுமா?” என்றாள் ரத்தினபாய்.

“நமக்கு ஏதும்மா ஆடி?”

“பக்கத்து வீட்டுக்கெல்லாம் இருக்குல்ல? கூடவே இருந்து பழகிட்டேன்.”

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஜோசலின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அப்பா, அந்த ரெக்கார்டிங்கை எடுத்துடுங்கப்பா.”

ஐசக் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

“வேலை கிடைச்சா பசங்க அம்மாவோட மார்க்கெட்டுக்கு வருவாங்க. கேட்டா... ஒரு மாதிரி இருக்கும்ப்பா. இந்த ஒரு வேலையாவது நிக்கணும்.”

“அதுக்கென்ன, டீச்சர் குரலு தெருவுல கூவினா நல்லாவா இருக்கும்?” என்றார் ஐசக். இடது கையால் கைப்பேசியை எடுத்து அவளிடமே நீட்டினார். “எனக்கு அழிக்கத் தெரியாது. நீயே அழிச்சிடு. அப்படியே அந்த ஸ்பீக்கர் கார்டுலயும்.”

அவள் அழித்தாள். உண்மையாகவே அழிக்க வேண்டுமா என்று கைப்பேசி கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். “அப்பாடா, என் மானம் தப்பிச்சுது” என்றாள் ரத்தினபாய். அப்பா வழக்கம்போலத்தான் சாப்பிட்டு முடித்தார். இன்னொரு கரண்டி ரசம்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் ஜோசலினுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை சண்முகம் சாலை வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. ஆடிச் சந்தை பொங்கி வழிந்தது. வேப்பிலைக் கட்டுகள் தரையில் குவிந்திருந்தன. எலுமிச்சை மாலைகள் வரிசையாகத் தொங்கின. மஞ்சள் துணி, கூழுக்குக் கேழ்வரகு மாவு, சின்ன வெங்காயம், கருவாட்டுக் கூடை. அதற்கு இரண்டடி தள்ளி, கருவாட்டைப் பற்றிக் கவலையே இல்லாமல் மல்லிகைப்பூ. பலாச்சுளைக்காரர் தட்டில் ஈயை விரட்டிக்கொண்டிருந்தார். துணிக்கடை வாசலில் ஆடித் தள்ளுபடிக்காரன் கையைத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் அப்பாவின் குரல் கேட்டது.

“எதை எடுத்தாலும்...” என்று தொடங்கி இருமினார். “எதை எடுத்தாலும் முப்பது...”

யாரும் நிற்கவில்லை. ஒரு அம்மாள் மட்டும் வந்து, “எங்க உங்க பொண்ணு சத்தத்தைக் காணோம்? உடம்பு சரியில்லையா?” என்று கேட்டது ஜோசலின் காதில் விழுந்தது.

“நல்லா இருக்காம்மா. டீச்சராகப் போறா” என்றார் ஐசக்.

அவள் அப்பாவின் கண்ணில் படாமல் மறுபக்கமாக நடந்து, மேம்பாலப் படி ஏறி, கிழக்குப் பக்கம் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

பள்ளியின் முதல்வர் சுந்தரவல்லி ஐம்பதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். “நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கோங்க, ஜோசலின்” என்றார். அப்படி நினைப்பது எளிதாக இல்லை. இரண்டாவது மாடி வகுப்பறை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெரு, தெருவுக்கு அப்பால் ஏரி.

ஜோசலின் மேசை மீது ரப்பர் பேண்டை இழுத்துப் பிடித்து மீட்டிக் காட்டினாள். அதிர்வு, அலை, காற்று. குரல் முதலில் நடுங்கி, பிறகு தேறியது. “சத்தமா இருக்கறது வேற, கீச்சுன்னு இருக்கறது வேற. லவுட்னெஸ், பிச்.” பலகையில் இரண்டு அலைகள் வரைந்தாள். உயரமான அலை ஒன்று, நெருக்கமான அலை ஒன்று.

முன்வரிசையில் இருந்த அனிருத் கை தூக்கினான். “மிஸ், லவுட்னெஸ்னா என்ன?”

வகுப்பு சிரித்தது. “இப்பதானேடா சொன்னாங்க!” என்றாள் பக்கத்தில் இருந்த ஸ்நேகா.

“அலை எவ்வளவு உயரமோ அவ்வளவு சத்தம். இதோ, இந்த முதல் படம்” என்றாள் ஜோசலின்.

“அப்போ பிச்?”

“அது அலை எவ்வளவு நெருக்கமா வருதுங்கறது. ரெண்டாவது படம். வந்து நீயே ஒண்ணு வரைஞ்சு பாரு.”

அனிருத் எழுந்து வந்து சுண்ணக்கட்டியை வாங்கினான். அவன் வரைந்துகொண்டிருக்கும்போதுதான் தெருவின் அந்தக் கோடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

“வாங்கம்மா, வாங்க! எதை எடுத்தாலும் முப்பது ரூபாய்!”

ஜோசலினுக்குக் காதுகள் சூடாயின. தயாளன். தயாளனிடம் ஒரு பிரதி இருந்தது. இதை எப்படி மறந்தோம்?

“வடிகட்டி முப்பது ரூபாய், துருவி முப்பது ரூபாய்...”

மீன்பாடி வண்டி மெதுவாகப் பள்ளிச் சுவரை ஒட்டி வந்தது. அனிருத் சுண்ணக்கட்டியோடு திரும்பி ஜன்னலைப் பார்த்தான். பிறகு ஜோசலினைப் பார்த்தான்.

“மிஸ்! இது உங்க வாய்ஸ் மாதிரியே இருக்கு!”

வகுப்பு முழுக்க ஒரே கிசுகிசு. சுந்தரவல்லி கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். ஜோசலினுக்கு முன்னால் ஒரு நொடிதான் இருந்தது. இல்லை என்று சொல்லலாம். யாரோ என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். ஆனால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அது அவளைப் பெயர் சொல்லியே கூப்பிடும். இருமிக்கொண்டே “டீச்சராகப் போறா” என்ற அப்பாவின் குரலும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. அவர் அதைச் சொல்ல ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“ஆமா, நான்தான்” என்றாள். “எங்கப்பா வண்டிக்காகப் பேசினது. எல்லாரும் ஜன்னல் பக்கம் காதைக் குடுங்க. இப்போ ஒரு விசில் வரும் பாருங்க. அது லவுடா, பிச் அதிகமான்னு சொல்லணும்.”

விசில் வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள்.

“ரெண்டும் மிஸ்!”

“இன்னும் இருக்கு. அடுத்தது எங்கம்மா.”

“ஜோஸி! குக்கரை எறக்குடி!”

வகுப்பறை வெடித்துச் சிரித்தது. “ஐயோ!” என்று தெருவில் பதினேழு வயது ஜோசலின் சொன்னாள். வகுப்பில் இருந்த ஜோசலினும் சிரித்துவிட்டாள்.

“மிஸ், இறக்கினீங்களா?” என்று ஸ்நேகா கேட்டாள்.

“எங்க இறக்கினேன்? பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு. அன்னைக்கு ரசம்தான்.”

வண்டி விலகிப்போகப் போகக் குரல் தேய்ந்தது. “இப்போ ஏன் மெதுவா கேக்குது?” என்று ஜோசலின் கேட்டாள். பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மரம் மறைக்கிறது என்றது ஒன்று. சுவர் என்றது இன்னொன்று. தூரம் போகப் போக அலை தளர்ந்துபோகும் என்றான் அனிருத், சுண்ணக்கட்டி இன்னும் கையில் இருக்க. அதற்குள் மணி அடித்துவிட்டது.

முதல்வர் அறையில் மின்விசிறிக்குக் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள். சுந்தரவல்லி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு டீ வடிகட்டியை எடுத்துக் காட்டினார்.

“இது அந்த வண்டியில வாங்கினதுதான். விசில் கேட்டு நம்ம ஸ்டாஃப் ரூம்ல யாரோ குக்கர் வெச்சிருக்காங்கன்னு நெனச்சு ஓடினேன் ஒரு நாள்.”

ஜோசலின் எழுந்துவிட்டாள். “சாரி மேடம், டிஸ்டர்பன்ஸ் ஆயிடுச்சு.”

“அதை விடுங்க. சத்தம் வந்தா பசங்க சிரிப்பாங்க, அது ஒரு விஷயமா? நான் பார்த்தது வேற. அந்த அனிருத் இருக்கானே, சொன்னதையே திரும்பக் கேப்பான். எத்தனையோ டீச்சர் ‘இப்போதானே சொன்னேன், எங்க கவனம்?’னு உட்கார வெச்சிடுவாங்க. நீங்க ஏதோ முதல் தடவை கேக்கறவன்கிட்ட சொல்றா மாதிரி சொன்னீங்க. பி.எட்.ல அதெல்லாம் சொல்லித் தர்றதில்லையே?”

தான் அப்படிச் சொன்னதே ஜோசலினுக்குத் தெரியாது. ஒரே கேள்வியை ஒரு நாளில் எத்தனை பேர் கேட்டாலும் முகம் சுளிக்காத ஒரு மனிதரின் முதுகைப் பார்த்துக்கொண்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் அவள். நோட்டில் எழுதியது மட்டும்தான் படிப்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பா வண்டியில எல்லாரும் விலை கேப்பாங்க மேடம்” என்றாள்.

சுந்தரவல்லிக்கு அது புரிந்ததோ என்னவோ. “ஒலிப் பாடம் பாதியில நிக்குது. திங்கட்கிழமை வந்து முடிச்சுக் குடுங்க. அப்படியே அடுத்த பாடத்தையும்” என்றார்.

அவள் திரும்பி வந்தபோது சண்முகம் சாலையில் சாயங்காலக் கூட்டம் தொடங்கியிருந்தது. ஐசக்குக்குக் குரலே போயிருந்தது. கையைத் தட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரத்தினபாயும் பீர்க்கன்கரணையிலிருந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். செய்திக்காக வீட்டில் காத்திருக்க முடியவில்லை போல. தயாளன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“தயாளண்ணா, இன்னிக்கு செம்பாக்கம் போனீங்களா?”

“ஆமா, ஏரிக்கரைத் தெருவு. ஸ்கூலாண்ட நல்லா ஓடிச்சு. இன்னா மேட்டரு?”

ஐசக் கை தட்டுவதை நிறுத்தினார். “ஐயோ பாப்பா” என்றார், காற்றாக. “இவன்கிட்ட எடுக்கச் சொல்ல மறந்தே போயிட்டேன். அங்க வந்து கேட்டுச்சா? கெடுத்துட்டேனா?”

தயாளன் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். “எம்மா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. இப்பவே அழிச்சிடறேன்.” கைப்பேசியை அவசரமாக எடுத்தான்.

“அழிக்காதீங்க! அழிக்காதீங்கண்ணா. எங்கப்பாவுக்கு அனுப்புங்க. எங்ககிட்ட இல்ல.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். திங்கட்கிழமை என்றாள். வேலை என்றாள். பாடம், விசில், வடிகட்டி என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அனிருத்தைப் பற்றிச் சொன்னாள். முதல்வர் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் அப்பாவைப் பார்க்காமல் எலிப்பொறியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஐசக் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்வைதான் என்பதுபோல நெடுநேரம் துடைத்தார்.

“நம்ம சரக்கு சோட போகுமா பாப்பா?” என்றான் தயாளன். கைப்பேசியைத் தட்டினான். “இந்தா, வந்துகினு கீது. அண்ணன் எனக்குச் சும்மா குடுத்ததுதானே.”

“அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிடு ஜோஸி” என்றாள் ரத்தினபாய். “டீச்சரோட அம்மான்னு ஒரு மரியாதை வேணாமா?”

“அதை வெச்சுத்தான்மா இன்னிக்குப் பாடமே நடத்தினேன். வெட்ட முடியாது.”

“நல்ல பாடம்! பருப்பு கருகினதையும் சொன்னியா?”

“சொன்னேன்.”

“கர்த்தாவே” என்று ரத்தினபாய் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஸ்பீக்கரில் குரல் மறுபடி எழுந்தது. வாங்கம்மா, வாங்க. விசில் அடித்ததும் பூக்கடையைத் தாண்டிப் போன ஒரு பெண் சட்டென்று நின்று திரும்பினாள். இடுப்பில் குழந்தை, கையில் வேப்பிலைக் கட்டு. வண்டியருகே வந்து ஒரு தோசைத் திருப்பியை எடுத்து, வளைத்துப் பார்த்தாள். தலைக்கு மேல் பலகை தொங்கியது. காதருகே ஸ்பீக்கர் முப்பது முப்பது என்றது.

“இது எவ்ளோ?”

ஐசக் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. ஜோசலின் பையை ஸ்டூலில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“முப்பது ரூபாக்கா” என்றாள். “பிடி கெட்டியா இருக்கு. இழுத்துப் பாருங்க.”